கடைசிப் பெட்டி வரைக்கும் கரண்டு போகுதா? கோயில் அலாரம் வயரும் ஒரு பெரியவரும்



கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டுக்கோ கோயிலுக்கோ அலாரம் போட்டவங்க, போடப் போறவங்க தயவு செஞ்சு கடைசி வரைக்கும் படிங்க. இதுல வயர் கணக்கும் இருக்கு, நாங்க ஒரு பெரியவருக்குச் செஞ்ச தப்பும் இருக்கு. ரெண்டையும் பிரிச்சு எழுத முடியாது. அதனால சேர்த்தே எழுதுறோம்.

நாங்கன்னா கோயில் தொண்டர்கள் நாலு பேர். ஒருத்தர் லோரி ஓட்டுறார், ஒருத்தர் பள்ளி அலுவலகத்துல வேலை, ஒருத்தர் இன்னும் படிக்கிற தம்பி. இதை எழுதுற கை பேக்டரி சூப்பர்வைசரோட கை. எஸ்பிஎம் வரைக்கும்தான் படிப்பு. எலெக்ட்ரானிக்ஸ் பரீட்சை எல்லாம் எழுதினதில்ல. இருபத்தேழு வருஷமா மெஷின் பக்கத்துல நின்னு பார்த்துப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டதுதான்.

எங்க ஆயர் ஈத்தாம் எப்படிப்பட்ட ஊர்னு உங்களுக்கே தெரியும். வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வர்றதுக்கு முன்னாடி ஜொகூர் பாரு போற பஸ் எல்லாம் இங்க நின்னு, ஆளுங்க இறங்கி சாப்பிட்டுட்டுப் போவாங்க. இன்னைக்கும் பத்து பகாட் ஒரு பக்கம், குளுவாங் ஒரு பக்கம், யோங் பெங் ஒரு பக்கம்னு ரோடு பிரியுற சந்திப்பு. பூஜாடி வாங்க, கெரோப்போக் வாங்கன்னு வெளியூர்க் கார்கள் நின்னுக்கிட்டே இருக்கும். யார் வர்றாங்க, யார் போறாங்கன்னு கணக்கு வைக்க முடியாது. சுத்துவட்டாரத்துல கோயில் உண்டியல் உடைஞ்ச கதையைக் கேட்டுக் கேட்டு, நம்ம கோயிலுக்கும் ஒரு அலாரம் போடுவோம்னு செயலவையில முடிவாச்சு.

ஆள் வச்சுப் போட்டா கூலி அதிகம். பொருளை வாங்கிட்டு, வயர் இழுக்குற வேலையைக் கோத்தோங் ரோயோங்கா நாமே செஞ்சுடலாம்னு நாங்க நாலு பேரும் முன்வந்தோம். நாலு ஞாயித்துக்கிழமை வேலை.

கோயிலோட அமைப்பைச் சொல்லிடுறோம், அப்பதான் பின்னாடி புரியும். முன் கேட்டை ஒட்டி ஆபீஸ். அதுக்கு அப்புறம் சன்னதி, பக்கத்துல மண்டபம், அதுக்குப் பின்னால மடப்பள்ளி. எல்லாத்துக்கும் கடைசியில ஸ்டோர் ரூம். உண்டியலும் பித்தளைச் சாமான்களும் அங்கதான் ராத்திரி பூட்டி வைப்போம். கரண்டு டிபி பெட்டியும் அந்த ஸ்டோர் ரூம் பக்கத்துச் சுவத்துலதான்.

அலாரம் மெயின் பெட்டி ஆபீஸ்ல. அதுல எட்டு இடம்தான் இருக்கு, அதாவது எட்டு சென்சார் மாட்டலாம். எங்களுக்குத் தேவை பதினாலு. அதுக்குத்தான் எக்ஸ்பாண்டர்னு ஒரு குட்டிப் பெட்டி விக்கிறாங்க. இதைத் தோட்டத்துல வளர்ந்தவங்களுக்கு ஈசியாச் சொல்லலாம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஆபீஸ்ல இருந்து ஆள் நடக்க முடியாதுன்னு கங்காணி ஒருத்தர் இருப்பாரில்ல? தன் கீழ இருக்கிறவங்க சேதியை எல்லாம் அவரே சேர்த்து ஆபீஸ்ல சொல்லுவார். எக்ஸ்பாண்டரும் அதே வேலைதான் செய்யுது. பின்பக்கத்து ஆறு சென்சாரும் ஸ்டோர் ரூம் எக்ஸ்பாண்டர்ல சேரும். அங்கிருந்து ஆபீசுக்கு ஒரே ஒரு கேபிள்.

அந்தக் கேபிள்ல நாலு வயர் வேணும். ரெண்டு வயர் கரண்டுக்கு, ஒண்ணு பிளஸ், ஒண்ணு மைனஸ். மத்த ரெண்டும் டேட்டாவுக்கு. மெயின் பெட்டி நிமிஷத்துக்குப் பல தடவை எக்ஸ்பாண்டரைக் கூப்பிட்டு "இருக்கியா, எல்லாம் சரியா?"ன்னு கேட்டுக்கிட்டே இருக்கும். எக்ஸ்பாண்டர் பதில் சொல்லணும். பதில் வரலைன்னா யாரோ வயரை வெட்டிட்டாங்க, பெட்டியைக் கழட்டிட்டாங்கன்னு நினைச்சு மெயின் பெட்டி அலறும். திருடன் வயரை வெட்டினா தெரியணுமே, அதுக்காக அப்படிச் செஞ்சு வச்சிருக்காங்க.

கேபிள் எங்களுக்கு உபயமா வந்தது. 305 மீட்டர் லேன் கேபிள் பெட்டி, பாதிக்கு மேல இருந்தது. கம்ப்யூட்டருக்கு இழுக்குற கேபிள், உள்ளே எட்டு வயர் இருக்கே, நமக்கு நாலு போதுமேன்னு சந்தோஷமா வாங்கிக்கிட்டோம். உபயம் குடுத்தவர் மேல குத்தமே இல்ல, நல்ல மனசோட குடுத்தார். அது எந்த உலோகம்னு பார்க்காதது நாங்க.

ஆபீஸ்ல இருந்து மதில் ஓரமாச் சுத்தி, மண்டபத்து மேல ஏத்தி, ஸ்டோர் ரூம் வரைக்கும் கிட்டத்தட்ட 80 மீட்டர். நாலு வயரை மட்டும் எடுத்து மாட்டினோம், மிச்ச நாலையும் வெட்டி விட்டோம். சுவிட்சைப் போட்டோம், பச்சை விளக்கு வந்தது. தேங்காய் உடைச்சோம். எல்லாரும் கை தட்டினாங்க.

இப்ப பெரியவரைப் பத்திச் சொல்லணும். செம்பனைத் தோட்டத்துல வேலை செஞ்சு ஓய்வு பெற்றவர். மனைவி தவறின பிறகு எட்டு வருஷமா கோயில் மண்டபத்துலதான் படுக்கை. சம்பளம் கிடையாது. காலையில நாலரைக்கு எழுந்து வாசல் கூட்டி, தண்ணி தெளிச்சு, குருக்கள் வர்றதுக்குள்ள பூஜைச் சாமானைத் துலக்கி வச்சிருப்பார். ஸ்டோர் ரூம் சாவி ஒண்ணு எப்பவும் அவர் அரைஞாண்லதான் தொங்கும்.

அலாரம் போட்டு மூணாவது வாரம், நல்ல இடி மழை. ராத்திரி ரெண்டரைக்கு சைரன் அலறுது. எங்க கைப்பேசிக்கும் சேதி வந்துடுச்சு. கால் மணி நேரத்துல ஓடிப் போய்ப் பார்த்தோம். விளக்கு எரியுது, பூட்டு பூட்டினபடி இருக்கு, ஒண்ணும் போகல. பெரியவர் மட்டும் டார்ச் லைட்டோட ஸ்டோர் ரூம் வாசல்ல நிக்கிறார். "கரண்டு போச்சு தம்பி, அப்புறம்தான் இது கத்திச்சு. நான்தான் போய் சுவிட்சைத் தூக்கி விட்டேன்"னார். சரி சரின்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டோம்.

அடுத்த மாசம் மறுபடியும் அதே மாதிரி. அதுக்கு அடுத்து மூணாவது தடவை. மெயின் பெட்டியோட பதிவைப் பார்த்தா மூணு தடவையும் ஒரே வரிதான்: ஸ்டோர் ரூம் எக்ஸ்பாண்டர், டேம்பர். அதாவது யாரோ பெட்டியில கை வச்சிருக்காங்க. மூணு தடவையும் அந்த இடத்துல நின்னவர் ஒரே ஒருத்தர். பக்கத்து வீட்டு மக்சிக் பாசார் மாலாமில பார்த்து, "திரும்பவும் திருடன் வந்தானா?"ன்னு அக்கறையாத்தான் கேட்டாங்க. எங்களுக்கு அவமானமாப் போச்சு.

கூட்டத்துல ஒருத்தர் கேட்டார்: "எப்பவும் அவர் மட்டும் எப்படி அங்க இருக்கார்?" கேட்டவர் பேரைச் சொல்ல மாட்டோம். ஏன்னா நாங்க நாலு பேருமே மனசுக்குள்ள அதையேதான் கேட்டுக்கிட்டு இருந்தோம். "இல்ல, அவரைப் பத்தி எங்களுக்குத் தெரியும்"னு யாருமே வாயைத் திறக்கல. பாதுகாப்புக்காக சாவி எல்லாம் ஆபீஸ்ல இருக்கட்டும்னு முடிவு செஞ்சோம். அவர்கிட்ட அதைச் சொன்னதும் நாங்கதான்.

அவர் ஒண்ணும் கேட்கல. அரைஞாண்ல இருந்து சாவியை அவிழ்க்க கொஞ்ச நேரம் ஆச்சு, முடிச்சு இறுகிக் கிடந்தது. மேசை மேல வச்சார். மறுநாள் காலையில பாய் சுருட்டி வச்சிருந்தது, ஆள் இல்ல. குளுவாங்ல மகள் வீட்டுக்குப் போயிட்டார்னு பின்னாடி தெரிஞ்சது.

அவர் போய் ரெண்டு வாரம் கழிச்சு இன்னொரு மழை ராத்திரி. சைரன். ஓடினோம். இந்தத் தடவை கோயில் முழுக்க இருட்டு. சாமி விளக்கு ஒண்ணுதான் எரியுது. கேட்டுக்கிட்ட நின்னு நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம். கரண்டு டிரிப் ஆகி அப்படியே கிடக்கு, தூக்கி விட ஆள் இல்ல. முன்னாடி மூணு தடவையும் நாங்க வர்றதுக்குள்ள அந்த மனுஷன் இருட்டுல போய் சுவிட்சைத் தூக்கி விட்டிருக்கார். அதனால எங்க கண்ணுக்கு எல்லாம் சரியா இருந்தது. அவர் முதல் ராத்திரியே காரணத்தைச் சொல்லிட்டார். எங்க காதுலதான் விழல.

அந்த ஞாயித்துக்கிழமை மல்ட்டிமீட்டரை எடுத்துக்கிட்டு உட்கார்ந்தோம். பேக்டரியில ஒரு பழக்கம் உண்டு. கன்வேயர் கடைசியில இருக்கிற சென்சார் தப்புத் தப்பா அடிச்சா சென்சாரை மாத்த ஓட மாட்டோம். முதல்ல அந்தக் கடைசி இடத்துக்குப் போய், எல்லாம் ஓடிக்கிட்டு இருக்கும்போதே, எத்தனை வோல்ட் வருதுன்னு அளப்போம். பானல்ல 24 இருக்கும், அங்க 19தான் இருக்கும். கோயில்ல இதைச் செய்யணும்னு எங்களுக்குத் தோணவே இல்ல. பச்சை விளக்கைப் பார்த்ததும் தேங்காய் உடைச்சுட்டோமே!

அளந்தது இது. கரண்டு இருக்கும்போது ஆபீஸ் பெட்டியில 13.7 வோல்ட். ஸ்டோர் ரூம்ல 11.1. அதுவே கம்மிதான், ஆனா எக்ஸ்பாண்டர் எப்படியோ ஓடிக்கிட்டு இருந்திருக்கு. மெயினை அடைச்சுட்டு பேட்டரியில ஓட விட்டோம். பேட்டரி மெதுவா இறங்கி 12.6க்கு வந்தப்போ ஸ்டோர் ரூம்ல 10. அந்த எக்ஸ்பாண்டரோட புத்தகத்துல குறைஞ்சது 10.5 வேணும்னு போட்டிருக்கு. பதில் சொல்லத் தெம்பில்லாம அது வாயை மூடிக்குது. மெயின் பெட்டி அதைத் திருட்டுன்னு நினைச்சு அலறுது. கரண்டு போன உடனே கத்தாம கொஞ்ச நேரம் கழிச்சுக் கத்தினதுக்கும் இதுதான் காரணம். பேட்டரி அந்த அளவுக்கு இறங்கணுமே.

எங்கே போச்சு அந்த 2.6 வோல்ட்? வயர்லதான் போச்சு. கணக்கை எல்லாருக்கும் புரியுற மாதிரி எழுதுறோம்.

லேன் கேபிள் உள்ளே இருக்கிற மெல்லிசு வயர் சுத்தமான செம்பா இருந்தா, நூறு மீட்டருக்குச் சுமார் 8.4 ஓம் தடை. 80 மீட்டருக்கு 6.7. கரண்டு போயிட்டுத் திரும்பியும் வரணும், அதனால ரெண்டால பெருக்கணும், 13.5 ஓம். நாங்க கடைசியில பிளஸ்ஸையும் மைனஸ்ஸையும் கழட்டி ஒண்ணா முறுக்கி, ஆபீஸ் முனையில கழட்டின ரெண்டு வயரையும் மீட்டர்ல அளந்தோம். 21 ஓம் காட்டுது. செம்பா இருந்தா இவ்வளவு வரவே கூடாது. கத்தியால வயரைச் சுரண்டிப் பார்த்தோம். மேல செம்பு நிறம், உள்ளே வெள்ளி மாதிரி வெளுப்பு. அலுமினியம்! மேல மட்டும் செம்பு பூசினது. சிசிஏன்னு சொல்லுவாங்க. நம்ம பாஷையில சொன்னா கவரிங் நகை.

ஒரு சென்சார் 15 மில்லி ஆம்பியர் இழுக்கும். ஆறு சென்சாருக்கு 90. எக்ஸ்பாண்டர் தனக்கு 35. மொத்தம் 125 மில்லி ஆம்பியர், அதாவது 0.125 ஆம்பியர். அதை 21ஆல பெருக்கினா 2.6 வோல்ட். மீட்டர் காட்டினதும் அதேதான். ஆம்பியரை ஓமால பெருக்கினா வோல்ட், பள்ளிக்கூடத்துல படிச்ச கணக்குதான். இதைப் போடாததால ஒரு மனுஷனை வெளியே அனுப்பினோம்.

அப்புறம் எல்லாத்தையும் பிரிச்சு மறுபடி இழுத்தோம். அதுல கத்துக்கிட்டதை வரிசையா எழுதுறோம், உங்க வீட்டுக்கும் இது பொருந்தும்.

1. செம்பு வயர்தான்னு உறுதி செஞ்சுட்டு வாங்குங்க. பெட்டி மேல சுத்த செம்புன்னு போட்டிருக்கான்னு பாருங்க, போட்டிருந்தாலும் ஒரு முனையைச் சுரண்டிப் பாருங்க. கவரிங் வயர் தூக்கினா லேசா இருக்கும், நாலு தடவை மடக்கினா ஒடியும். அலாரம் கேபிள்னே தனியா விக்கிறதும் நல்லதுதான். ஆனா மெல்லிசு அலாரம் கேபிளும் லேன் கேபிளும் தடையில கிட்டத்தட்ட ஒண்ணுதான். அலாரம் கேபிள்னு பேர் போட்டிருக்கிறதால தூரம் கூடிடாது. தூரத்துக்கு ஏத்த கனம் வேணும்.

2. வயரை இரட்டிப்பாக்குங்க. லேன் கேபிள்ல எட்டு வயர், நாலு ஜோடி. நாங்க இப்ப ஒரு ஜோடி முழுசையும் பிளஸ்ஸுக்கு, இன்னொரு ஜோடி முழுசையும் மைனஸ்ஸுக்குக் குடுத்திருக்கோம். ரெண்டு வயர் சேர்ந்து சுமந்தா தடை பாதியாகும். 13.5 ஓம் 6.7 ஆச்சு, இழப்பு ஒரு வோல்ட்டுக்கும் கம்மி. பேட்டரியில 12.6 இருக்கும்போது கடைசியில 11.7 வருது. முதல்ல நாங்க வெட்டி எறிஞ்ச நாலு வயருக்கு இவ்வளவு வேலை இருந்திருக்கு.

3. டேட்டா வயரை எந்த ஜோடியில போடணும்னு புத்தகத்தைப் பாருங்க. இதுல நிறைய பேர் தப்புப் பண்றாங்க. சில அலாரத்துல டேட்டா ரெண்டு வயரும் ஒரே சேதியை நேரும் எதிருமா சுமந்து போகும். ஆர்எஸ்-485னு சொல்ற வகை அது. அதுக்கு ரெண்டையும் ஒரே முறுக்கு ஜோடியில போடணும். வெளியே இருந்து வர்ற இரைச்சல் ரெண்டு மேலயும் ஒரே அளவு விழுந்து, கழிச்சுப் பார்க்கும்போது இல்லாம போயிடும். வயரை முறுக்கினா இரைச்சல் குறையும்னு டெலிபோன் கண்டுபிடிச்ச கிரகாம் பெல் 1881லேயே காப்புரிமை வாங்கினார். வேற சில அலாரத்துல ஒரு வயர் தாளம் போடும், இன்னொரு வயர் பாடும். தவிலும் நாதஸ்வரமும் மாதிரி. அந்த ரெண்டையும் ஒரே ஜோடியில முறுக்கினா ஒண்ணு இன்னொண்ணு மேல ஏறிக் குழப்பும். அதை வேற வேற ஜோடியில பிரிச்சுப் போடணும். உங்களோடது எந்த வகைன்னு புத்தகம் சொல்லும். ரெண்டுக்கும் பச்சை மஞ்சள்னு ஒரே கலர் இருக்கலாம், கலரை நம்பி மாட்டாதீங்க.

4. சங்கிலியா, கிளையா? ரெண்டு மூணு எக்ஸ்பாண்டர் இருந்தா, மெயின் பெட்டியில இருந்து முதல் பெட்டி, அங்கிருந்து ரெண்டாவது, அப்புறம் மூணாவதுன்னு சங்கிலி மாதிரி போறது பொதுவா நல்லது. ஆர்எஸ்-485 வகைக்கு அப்படித்தான் போகணும். கடைசியில ஒரு ரெசிஸ்டர் போடச் சொல்லுவாங்க. பொதுவா 120 ஓம், ஆனா 680 ஓம் கேட்கிற அலாரமும் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார்னு போடாதீங்க, உங்க பெட்டியோட புத்தகம் என்ன சொல்லுதோ அதைப் போடுங்க. கிளை கிளையாப் பிரிக்க அனுமதிக்கிற அலாரமும் இருக்கு. அதுலயும் ஒரு பெட்டி எவ்வளவு தூரம் இருக்கலாம், மொத்த வயர் எவ்வளவு இருக்கலாம்னு ரெண்டு எல்லை குடுத்திருப்பாங்க. இன்னொண்ணு, ஒவ்வொரு எக்ஸ்பாண்டருக்கும் தனி நம்பர் வைக்கணும். ரெண்டு பெட்டிக்கு ஒரே நம்பர் வச்சுட்டா, கூப்பிட்டதும் ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசி ஒண்ணும் விளங்காது.

5. வீட்டுக் கரண்டு வயரோட சேர்த்துக் கட்டாதீங்க. முதல் தடவை நாங்க மண்டபத்து ஸ்பீக்கர் வயர், குழல் விளக்கு வயர் போற அதே குழாய்ல திணிச்சிருந்தோம். அது இரைச்சல் மட்டும் இல்ல, ஆபத்து. 230 வோல்ட் வயரோட தோல் உரிஞ்சா அலாரம் பெட்டிக்கும் அதைத் தொடுற கைக்கும் வந்துடும். இப்ப தனிக் குழாய், பக்கவாட்டுல ஓர் அடி தள்ளி. குறுக்கே போயே ஆகணும்னா நேர் குறுக்கா, பிளஸ் குறி மாதிரி தாண்ட விட்டிருக்கோம்.

6. நடுவுல ஒட்டுப் போடாதீங்க. முடிஞ்ச வரைக்கும் ஒரே துண்டு. ஒட்டு வேணும்னா பெட்டிக்குள்ள ஈயம் வச்சு ஒட்டுங்க, இல்ல உள்ளே பசை இருக்கிற ஜாயிண்ட் போடுங்க. முறுக்கி டேப் சுத்தினா நம்ம ஊர் ஈரத்துக்கு ஆறே மாசத்துல பச்சை பூத்துடும். எறும்பு வேற. எங்க பழைய ஒட்டுப் பெட்டியைத் திறந்தா சித்தெறும்பு முட்டையோட குடித்தனம் நடத்துது. குழாயோட ஓட்டையை எல்லாம் சிலிக்கான் வச்சு அடைச்சோம்.

7. வெயிலும் வெள்ளமும். வெளியே போற வயர் வெளிப்புறத்துக்குன்னே செஞ்ச கறுப்புத் தோல் வயரா இருக்கணும். வீட்டுக்குள்ள போடுற வயர் வெயில்ல வெடிச்சுப் போகும். 2023 மார்ச்சுல பத்து பகாட், யோங் பெங் பக்கம் வெள்ளம் நின்னதை மறந்திருக்க மாட்டீங்க. பெட்டிகளைத் தரையில இருந்து நல்லா உயர்த்தி வையுங்க. வயர் பெட்டிக்குள்ள கீழே இருந்து நுழையட்டும். மேல இருந்து நுழைஞ்சா தண்ணி வயர் வழியா நேரா உள்ளே இறங்கிடும்.

8. மின்னல். பருவக்காத்து மாறுற மாசங்கள்ல, ஏப்ரல் மே, அப்புறம் அக்டோபர் நவம்பர், நம்ம பக்கம் சாயந்திரம் ஆனா இடிதான். ஒரு கட்டடத்துல இருந்து இன்னொரு கட்டடத்துக்கு அந்தரத்துல தொங்குற வயர் மின்னலோட அதிர்வை வாங்கி உள்ளே குடுத்துடும். முடிஞ்சா மண்ணுக்கடியில குழாய்ல விடுங்க, மெயின் பெட்டிக்கு மின்னல் தடுப்பான் போடுங்க. கவசம் போட்ட கேபிள் வாங்கினா, அந்தக் கவசத்தை மெயின் பெட்டிப் பக்கம் மட்டும் எர்த்துல கட்டணும், ரெண்டு பக்கமும் கட்டக் கூடாது.

9. தூரம் ரொம்ப அதிகம்னா வயரோட சண்டை போடாதீங்க. கடைசி எக்ஸ்பாண்டர் பக்கத்துலயே தனி பவர் சப்ளை, தனி பேட்டரி வச்சுடுங்க. அப்ப மெயின் பெட்டியில இருந்து டேட்டா ரெண்டும் மைனஸும் மட்டும் போகும். மைனஸ் கட்டாயம் சேரணும், பிளஸ் சேரவே கூடாது.

10. மாட்டும்போது மெயினையும் அடைங்க, பேட்டரியையும் கழட்டுங்க. 230 வோல்ட் பக்கத்துல நாங்க கை வைக்கல. சுருஹான்ஜாயா தெனாகாவுல பதிவு பெற்ற வயர்மேனைக் கூப்பிட்டோம். மழை வந்தா ஏன் டிரிப் ஆகுதுன்னு அவர்தான் கண்டுபிடிச்சார். கோபுரத்து விளக்கு ஒண்ணுக்குள்ள தண்ணி தேங்கி, கரண்டு கசிஞ்சிருக்கு. டிரிப் சுவிட்ச் தன் வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்கு. "தொந்தரவா இருக்கு"ன்னு டிரிப் சுவிட்சை நேரா கட்டி விடுறவங்க இருக்காங்க, தயவு செஞ்சு அதை மட்டும் செய்யாதீங்க. உயிர் போயிடும்.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. வேலை முடிஞ்சதும் பச்சை விளக்கைப் பார்த்துட்டு வீட்டுக்குப் போயிடாதீங்க. மெயினை அடைச்சு, எல்லா சென்சாரும் ஓட, ஒரு மணி நேரம் பேட்டரியில விடுங்க. அதுக்கப்புறம் கடைசிப் பெட்டிக்கு நடந்து போய் அளந்து பாருங்க. ஆபீஸ்ல உட்கார்ந்துக்கிட்டு அளந்தா ஆபீஸ்ல இருக்கிறது மட்டும்தான் தெரியும்.

புது வயர் போட்டு ரெண்டு இடி மழை பார்த்தோம். ஒரு தடவை கரண்டு ரொம்ப நேரம் இல்ல. அலாரம் கத்தல. மறுநாள் காலையில நாலு பேரும் ஒரே கார்ல குளுவாங் போனோம்.

மகள் வீட்டு வாசல்ல பிளாஸ்டிக் நாற்காலியில உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க தம்பி, சாப்பிட்டீங்களா?"ன்னார். நாங்க போன காரியத்தைச் சொல்ல முடியாம தண்ணி குடிச்சோம், காப்பி குடிச்சோம். அப்புறம் லோரி ஓட்டுற அண்ணன்தான் ஆரம்பிச்சார். "தாத்தா, வயர்லதான் கோளாறு. உங்க மேல..." அதுக்கு மேல அவருக்கு வரல. கையில கொண்டு போன பழைய வயர்த் துண்டை அவர்கிட்ட குடுத்தோம். சுரண்டின இடத்துல வெள்ளையாத் தெரியுறதை விரலால தடவிப் பார்த்தார்.

"நான் அன்னைக்கே சொன்னேனே தம்பி, கரண்டு போனாத்தான் இது கத்துதுன்னு."

வேற எதுவும் சொல்லல. அவர் மகள் உள்ளே நின்னு கேட்டுக்கிட்டு இருந்தாங்க. நாங்க கிளம்பும்போது அவங்க வெளியே வந்து ஒண்ணு சொன்னாங்க. "அப்பா இங்க வந்து ஒரு மாசம் சரியாத் தூங்கல. மழை வந்தா எழுந்து உட்கார்ந்துக்குவார், கோயில்ல கரண்டு போயிருக்குமோ, யாரு தூக்கி விடுவாங்கன்னு." அதைக் கேட்டதுக்கு அப்புறம் கார்ல ஆயர் ஈத்தாம் வர்ற வரைக்கும் யாரும் பேசல.

திரும்ப வந்தாரான்னு கேட்பீங்க. வெள்ளிக்கிழமை பூஜைக்கு வர்றார், மகள் கொண்டாந்து விடுறாங்க. ராத்திரி தங்குறதில்ல. "வயசாச்சு தம்பி"ன்னு சொல்றார். அது முழுக் காரணம் இல்லைன்னு எங்களுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். அடுத்த செயலவைக் கூட்டத்துல நாங்க நாலு பேரும் எழுந்து நின்னு, நடந்தது எங்க தப்புன்னு சொல்லிக் குறிப்புல எழுத வச்சோம். சாவியைத் திருப்பிக் குடுத்தோம். வாங்கிக்கிட்டார். ஆனா அரைஞாண்ல கட்டிக்கல, சட்டைப் பையில போட்டுக்கிட்டார்.

மாசத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை, பூஜை முடிஞ்சதும் அலாரம் சோதனை வச்சிருக்கோம். மெயினை அடைக்கிறது பெரியவர்தான், அது அவர் பொறுப்பு. ஒரு மணி நேரம் கழிச்சு நாங்க மீட்டரோட ஸ்டோர் ரூம் போய் அளந்து, அவர்கிட்ட நம்பரைச் சொல்லுவோம். அவர் நோட்டுப் புத்தகத்துல எழுதி வைப்பார். போன மாசம் 11.6. பேட்டரிக்கு வயசாகுது, 11க்குக் கீழ போச்சுன்னா மாத்தணும்னு அவரே எங்களுக்கு ஞாபகப்படுத்தினார்.

மிச்சமான கவரிங் வயரைத் தோரணம் கட்ட வச்சிருக்கோம். அதுக்கு நல்லாத்தான் இருக்கு.

உங்க கோயில்லயோ வீட்டுலயோ அலாரம் காரணமில்லாமக் கத்தினா, யாரையும் கேள்வி கேட்கிறதுக்கு முன்னாடி கடைசிப் பெட்டியில போய் ஒரு தடவை அளந்து பாருங்க. அங்க படுத்திருக்கிறவர் என்ன சொல்றார்னும் காது குடுத்துக் கேளுங்க. மீட்டர் இல்லைன்னா எங்களைக் கூப்பிடுங்க. ஞாயித்துக்கிழமைன்னா நாலு பேரும் வர்றோம், காப்பி மட்டும் போதும்.

தேவைப்படுறவங்களுக்குப் பகிருங்க. அம்மன் துணை.